கஜா புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாம ஓட்டுன மாசம், யாராச்சும் முன்னாடியே சொல்லிருக்கலாம்

புயல் வர்றதுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு டிவில சொல்றாங்க, ரேடியோல சொல்றாங்க, பஞ்சாயத்துல ஆட்டோ வச்சு மைக்கு கட்டிச் சொல்றாங்க. சன்னலச் சாத்து, மாட்ட அவுத்து விடு, மெழுகுவத்தி வாங்கி வை, வெளிய போகாத. எல்லாம் சரிதான், ஆனா அது ஒரு ராத்திரி கதை. அந்த ராத்திரி விடிஞ்சதுக்கு அப்புறம் கரண்ட் இல்லாம, தண்ணி இல்லாம, கையில காசு இல்லாம, எப்ப எது வரும்னே தெரியாம ஒரு மாசம் குடும்பம் ஓட்டணுமே, அதப் பத்தி எனக்கு யாரும் சொல்லல. அதான் எழுதுறேன். 2018 நவம்பர் 16 கஜா. நாங்க பட்டுக்கோட்டைக்குக் கிழக்கால ஒரு கிராமம். எங்க வீட்டுக்காரர் அப்ப சிங்கப்பூர்ல இருந்தாங்க, எங்க ஊர்ல பாதி வீடு அப்படித்தான், ஆம்பளைங்க எல்லாம் வெளிநாட்டுல. வீட்ல நானு, சுகர் இருக்குற எங்க அத்தை, எட்டாவது படிச்ச பெரியவன், மூணாவது படிச்ச சின்னவ. ரெண்டு ஏக்கர் தென்னை, ஓட்டு வீடு, முன்னாடி மட்டும் ஒரு ரூம் ஒட்டு, அதாவது காங்கிரீட்டுத் தளம் போட்டது.

ராத்திரியப் பத்தி ரொம்ப சொல்ல வேணாம். கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுல எங்கயாச்சும் கரை ஏறும்னு சொல்லிட்டே இருந்தாங்க, 15ம் தேதி சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே இல்ல, லேசா தூறல், எல்லாரும் இதுவும் புஸ்சுதான்னு பேசிட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. நடுராத்திரிக்கு மேல வேதாரண்யம் பக்கம் ஏறி எங்க பக்கம் வந்துச்சு. ஒட்டு ரூம்ல கட்டிலுக்குக் கீழ புள்ளைங்கள வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். ஓடு ஒவ்வொண்ணா பேந்து போற சத்தம் கேக்குது, தென்னமரம் விழறது தரை வழியா வருது, காதுல கேக்குறதுக்கு முன்னாடி உக்காந்திருக்குற இடத்துல தெரியும். நடுவுல கொஞ்சம் ஓய்ஞ்ச மாதிரி இருந்துச்சு, அத்தை எந்திரிக்கப் போனாங்க, நான் விடல, அப்புறம் திரும்பிப் பிடிச்சு இன்னொரு பக்கத்துலேருந்து அடிச்சுச்சு பாருங்க, முதல்ல ஆடிட்டு நின்ன மரமெல்லாம் அந்தத் திருப்புல தான் சாஞ்சுச்சு. விடிஞ்சு வெளிய வந்தா வானம் ரொம்பப் பெருசா இருந்துச்சு. தோப்புக்குள்ளயே பொறந்து வளந்தவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு சொன்னா புரியாது.

அன்னிக்கே கிளம்பிருச்சு வதந்தி. நாளைக்கு கரண்ட் வந்துரும்னு ஒருத்தர், டிரான்ஸ்பார்மர் திருச்சிலேருந்து லாரில வந்துட்டே இருக்குன்னு ஒருத்தர், மூணு நாள்னு மந்திரியே சொல்லிட்டாராம்னு இன்னொருத்தர். இத நம்பி அரை மெழுகுவத்தி பாக்கெட், அரை டேங்க் தண்ணின்னு தாராளமா செலவழிச்ச வீடு எங்க தெருவுல உண்டு. எங்க எதிர் வீட்டுத் தாத்தா 52ம் வருஷப் புயலச் சின்னப் பையனா பாத்தவரு. அவரு என்கிட்ட சொன்னது ஒண்ணுதான், "ஏம்மா, ஊர்ல கேக்காத, ரோட்ல போயி கம்பத்தப் பாத்துட்டு வா". நானும் பெரியவனும் மெயின் ரோடு வரைக்கும் விழுந்த மரத்துல ஏறி ஏறி நடந்தோம். எங்க ஊருக்கு கரண்ட் வர்ற லைன்ல நட்டமா நின்ன கம்பம் ஒண்ணு கூட கண்ணுல படல, எல்லாம் நடுவுல முறிஞ்சு கம்பி வெளிய தெரிய கெடக்கு. சிமிண்டு கம்பம்ங்க. இந்தக் கம்பத்த அகத்தணும், புதுசு வரணும், குழி வெட்டணும், நடணும், கம்பி இழுக்கணும், அதுவும் நாலஞ்சு மாவட்டத்துல ஒரே நேரத்துல. பின்னால கணக்கு சொன்னப்ப ஒரு லட்சம் கம்பத்துக்கு மேல விழுந்துருச்சுன்னாங்க. அன்னிக்கே மனசுல வச்சுக்கிட்டேன், இது மாசக் கணக்கு. அதுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொண்ணையும் அளந்தேன். கடைசில மார்கழி பொறக்குறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் எங்க தெருவுக்கு லைட்டு எரிஞ்சுச்சு. அதனால சொல்றேன், எப்ப வரும்னு யாருகிட்டயும் கேக்காதீங்க, லைன் வர்ற வழியில நடந்து போயி கண்ணால பாருங்க, அதுலயே பதில் இருக்கும். சீக்கிரம் வந்துட்டா சந்தோஷம், மிச்சம் பிடிச்ச மெழுகுவத்தி கெட்டா போயிரும்.

முதல் அடி தண்ணிலதான் விழுந்துச்சு. எங்க பக்கம் எல்லா வீட்லயும் போர்தான், உள்ள இறக்குன மோட்டார். கரண்ட் இல்லேன்னா கீழ அவ்வளவு தண்ணி இருந்தும் ஒரு சொம்பு எடுக்க முடியாது. பழைய கேணி எல்லாத்தையும் தூத்து குப்பை போட்டாச்சு, அடிபம்பு கோயில்கிட்ட ஒண்ணே ஒண்ணு, அதுக்கு ஊரே வரிசை. நான் 15ம் தேதி மத்தியானமே மாடி டேங்க ரொப்பி, அண்டா, குண்டான், பிளாஸ்டிக் டிரம், சின்னவ குளிக்கிற டப்பு வரைக்கும் ரொப்பி மூடி வச்சிருந்தேன். அதுல முக்கியமான விஷயம், டேங்க்லேருந்து வர்ற குழாய முதல் நாளே அடைச்சிடுங்க. குழாயத் திறந்தா தண்ணி வரும்ங்கிற பழக்கம் கையில இருக்குற வரைக்கும் 1000 லிட்டரும் ரெண்டு நாள்ல போயிரும். நான் வால்வ மூடிட்டு குடத்துல பிடிச்சு வச்சு, குடிக்க இது, சமைக்க இது, கழுவ இதுன்னு பிரிச்சேன். பாத்திரம் கழுவுன தண்ணி கக்கூசுக்கு. குளிக்கிறதும் துவைக்கிறதும் குளத்துல, அதுலயும் இலையும் மட்டையும் விழுந்து ஊறி கருப்பாயிருச்சு, சின்னவளுக்கு உடம்பு பூரா அரிப்பு வந்துச்சு. குடிக்கிறது அடிபம்புத் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வச்சேதான் குடிச்சோம். ஆரம்ப சுகாதார நிலையத்துலேருந்து வந்த நர்ஸம்மா பிளீச்சிங் பவுடர் கலந்துட்டு உடனே எடுக்காதீங்க, ஒரு மணி நேரம் விட்டு எடுங்கன்னாங்க. அந்த வாடைக்கு புள்ளைங்க குடிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும், வாயகலமான பாத்திரத்துல ஊத்தி ராத்திரி பூரா வச்சா வாடை போயிரும்.

அப்புறம் ஜெனரேட்டர் வந்துச்சு. குட்டியானைல ஏத்திக்கிட்டு தெருத் தெருவா வர ஆரம்பிச்சாங்க, முதல்ல மணிக்கு 700 ரூபா, அப்புறம் 1000, கேட்டா டீசல் கிடைக்கலம்மாங்கிறான். வீட்டு வீட்டுக்கு தனித்தனியா கூப்பிட்டா ஒரு டேங்க் ரொப்பறதுக்குள்ள, ஒயர் இழுக்குறது கழட்டுறதுன்னு அவன் மணியக் கணக்கு பண்ணிருவான். நாங்க தெருவுல பெண்களா சேந்து பேசி, வண்டி வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு வீட்டு மோட்டார் ஒயரையும் வாசலுக்கு இழுத்து ரெடியா வச்சிருவோம், வரிசையா போடுவோம், ஒரு எச்பி மோட்டார்னா 1000 லிட்டர் டேங்க் ரொம்ப இருவது இருவத்தஞ்சு நிமிஷம். அப்படிப் பாத்தா வீட்டுக்கு 300, 400 ரூபால முடிஞ்சுச்சு. இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. மோட்டார் ஸ்டார்ட் ஆகுறப்ப ஓடுறத விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால சின்னதா கல்யாண வீட்டுல லைட்டுக்கு வைக்கிற ஜெனரேட்டர் இழுக்காது, உறுமிட்டு நின்னுரும், காசு போனது போனதுதான். ஜெனரேட்டரோட சக்தி எத்தனை கேவிஏன்னு கேளுங்க, ஒரு எச்பி சப்மர்சிபிளுக்கு 5 கேவிஏ இருந்தா நம்பிக் கூப்பிடலாம். இன்னொண்ணு உயிர் சம்பந்தப்பட்டது. ஜெனரேட்டர வீட்டு மெயின் போர்டுல குடுக்காதீங்க, மோட்டார் ஸ்டார்ட்டர்ல நேரா குடுங்க, குடுக்குறதுக்கு முன்னாடி மெயின ஆப் பண்ணுங்க. இல்லேன்னா உங்க வீட்டு கரண்ட் லைன்ல ஏறி எங்கயோ கம்பம் ஏறி நிக்கிற லைன்மேனத் தூக்கிரும். யாரோ பெத்த புள்ள, கேரளாவுலேருந்தெல்லாம் வந்து நமக்காக கம்பம் ஏறிக்கிட்டு இருந்தாங்க.

காசு. தீபாவளி நவம்பர் 6ம் தேதி வந்துச்சு, முடிஞ்சு பத்து நாள்ல புயல். துணி, பட்டாசு, பலகாரம்னு எல்லார் கையும் காலி. என் கையில 3,400 ரூபா இருந்துச்சு, அதுல மூணு 500 ரூபா நோட்டு. அக்கவுண்ட்ல பணம் இருக்கு, ஏடிஎம் செத்துக் கெடக்கு, கடைல கார்டு மெஷினும் செத்துக் கெடக்கு. 2016ல நோட்டு செல்லாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் அரிசிப் பானைல, புடவை மடிப்புல காசு வைக்கிற பழக்கமே எங்க வீட்ல போயிருச்சு, அந்த பயத்துல எல்லாத்தையும் பேங்குல போட்டோம். இப்ப 500 ரூபாய நீட்டுனா கடைக்காரர் சில்லற இல்லங்கிறார், இல்லேன்னா மிச்சத்துக்கு வேண்டாத சாமான் எதையாச்சும் தலைல கட்டுறார். 5 ரூபா மெழுகுவத்தி 15 ரூபா, அடுத்த வாரம் 20. கொசுவத்திச் சுருள் கிடைக்கவே இல்ல. பால் பாக்கெட் வந்தா வந்துச்சு. அப்பலேருந்து ஐப்பசி பொறந்தா பத்து, இருவது, அம்பது, நூறா ஒரு 5,000 ரூபா தனியா எடுத்து வச்சிருவேன், பொங்கல் வரைக்கும் தொட மாட்டேன். அந்த மாசத்த ஓட்ட மோதிரத்த பட்டுக்கோட்டைல அடகு வச்சேன், 18,000 குடுத்தாங்க. அன்னிக்கு அந்தக் கடை வாசல்ல நின்னவங்கள்ல முக்காவாசிப் பேரு எங்க பக்கத்து ஊர்க்காரங்க, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கல.

சாப்பாட்டுல நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒண்ணு. வீட்ல குதிர்ல நெல்லு கெடக்கு, அரிசி பத்து நாளைக்குத்தான் இருந்துச்சு. அரைக்கப் போனா ரைஸ்மில்லுக்கு கரண்ட் இல்ல! நெல்ல வச்சுக்கிட்டு அரிசி கடன் கேட்டுப் போற நெலம. உரல்ல குத்தலாம்னா வீட்ல உலக்கையும் இல்ல, இருந்தாலும் எனக்குக் குத்தத் தெரியாது. டெல்டால இருக்குறவங்க மழைக்கு முன்னாடி ஒன்றரை மாச அரிசி அரைச்சு வச்சிருங்க, வண்டு வரும்னா வரட்டும், வசம்பு போட்டு வைங்க. மிக்ஸி இல்ல, கிரைண்டர் இல்ல, அதனால இட்லி தோசை போச்சு. கொல்லைல துணி துவைக்கிற கல்லு மாதிரி கவுந்து கெடந்த அம்மியத் தூக்கி நிமித்தி, அத்தை தான் கல்லு உப்பு போட்டு ரெண்டு தடவ அரைச்சு ஊத்திட்டு, அதுல தேங்கா பச்சமொளகா வச்சு ஒரு தொவையல் அரைச்சாங்க. தேங்காய்க்கு அந்த மாசம் பஞ்சமே இல்ல, விழுந்த காய் மலையா கெடந்துச்சு, தேங்கா சாதம், தேங்காத் தொவையல், தேங்காப்பால் கஞ்சி, இப்பவும் பெரியவனுக்கு தேங்கா சாதம்னா எந்திரிச்சுப் போயிருவான். கேஸ் ரெண்டு சிலிண்டர் இருந்துச்சு, ஒண்ண எடுக்கவே இல்ல, தென்னமட்டை காஞ்சதும் வெளி அடுப்புல பொங்க ஆரம்பிச்சேன். முதல் வாரம் எல்லா மட்டையும் ஈரம், அந்த ஒரு வாரத்துக்குத்தான் கேஸ் வேணும், அதனால புயல் முன்னாடி கொஞ்சம் காஞ்ச வெறகு உள்ள எடுத்துப் போடுங்க. ஃபிரிட்ஜ்ல இருந்த மீன முதல் நாளே குழம்பு வச்சு தெருவுக்குக் குடுத்துட்டேன். கருவாடு, வத்தல், புளி, அப்பளம், கொண்டக்கடல, இதுகளாலதான் மாசம் ஓடுச்சு.

வெளிச்சத்துக்கு ஒண்ணு சொல்றேன். அந்த வருஷம் கார்த்திகை தீபம் 23ம் தேதி, புயல் முடிஞ்சு ஒரு வாரம். எல்லார் வீட்லயும் தீபத்துக்கு அகல் வாங்கி வச்சிருந்தாங்க, நல்லெண்ணெயும் இருந்துச்சு. மெழுகுவத்தி விலை ஏறினப்ப அகல்ல தேங்கா எண்ணெய் ஊத்தி ஏத்துனோம், ராத்திரி பூரா நின்னு எரியும், செலவு கம்மி. ஆனா ஓட்டுல ஓட்டை இருக்குற வீட்ல கீழ சாக்கு, துணி எதுவும் இல்லாம தட்டுல தண்ணி ஊத்தி அதுல வைங்க, காத்துல ஒரு அகல் உருண்டு எங்க பாய் கருகிருச்சு.

அத்தைக்கு இன்சுலின் ஊசி. ஃபிரிட்ஜ் போனதும் எனக்கு கை கால் ஓடல, ரெண்டு புது பாட்டில் வேற இருக்கு, கெட்டுப் போயிட்டா பட்டுக்கோட்டைக்குப் போக ரோடு கூட இல்ல. மருந்துக்கடைத் தம்பி கிட்ட கேட்டப்பதான் தெரிஞ்சுச்சு, பொதுவா இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழ இருந்தா வெளியவே நாலு வாரம் கிட்ட தாங்கும், வெயில் படக்கூடாது, ஐஸ்ல உறையக்கூடாது, அவ்வளவுதான். பெரிய மண் சட்டில ஈர மணல் போட்டு, அதுக்குள்ள சின்னச் சட்டி, அதுக்குள்ள டப்பால மூடி பாட்டில், மேல ஈரத்துணி. மழைக்காலம்ங்கிறதால நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு. உங்க வீட்ல என்ன மருந்து போடுறாங்களோ அது எத்தன நாள் வெளிய தாங்கும்னு டாக்டர்ட்ட இப்பவே கேட்டு வைங்க. சுகர், பிரஷர் மாத்திரை ஒரு மாசத்துக்குக் கூடுதலா வாங்கி வைக்கிறதும் அப்படித்தான். இன்னொண்ணையும் எழுதிறேன், வெக்கப்பட்டா ஆகாது. நாப்கின். எந்தக் கடைலயும் இல்ல, வந்த நிவாரணத்துல முதல்ல அது வரல, பழைய துணி துவைக்கத் தண்ணி இல்ல, காயப் போட இடம் இல்ல. வயசுப் புள்ளைங்க இருக்குற வீட்ல எவ்வளவு கஷ்டம்னு ஆம்பளைங்க யோசிக்கவே மாட்டாங்க.

போன் டவர் எல்லாம் போச்சு. அவங்க சிங்கப்பூர்ல டிவியப் பாத்துட்டு நாங்க இருக்கமா இல்லையான்னு தெரியாம இருந்திருக்காங்க. நாலாவது நாளோ என்னமோ, மெயின் ரோட்டுல ஒரு பாலத்து மேல நின்னா ஒரு புள்ளி சிக்னல் வருதுன்னு சொன்னாங்க, அங்க போனா அம்பது பேரு கையத் தூக்கிட்டு நிக்கிறாங்க. கால் போகவே இல்ல. எல்லாரும் நல்லாருக்கோம்னு மெசேஜ் அடிச்சு அனுப்புனேன், அது சுத்திக்கிட்டே இருந்து எப்பவோ போயிருக்கு. கால் போகாத எடத்துல மெசேஜ் போகும், அத மொதல்ல பண்ணுங்க. அதோட வெளியூர்ல ஒரு சொந்தக்காரர வச்சு, எது நடந்தாலும் ரெண்டு பக்கமும் அவங்களுக்குச் சொல்றதுன்னு முன்னாடியே பேசி வைங்க, எங்களுக்கு இப்ப மதுரைல எங்க சின்ன நாத்தனார். சார்ஜ் போட ஜெனரேட்டர் வச்ச கடைல 30 ரூபா, ஒரே மாதிரி போன் நாப்பது கெடக்கும், பேரு எழுதி ஒட்டிக் குடுக்கணும். ட்ராக்டர் பேட்டரில, பைக்குல போட்டவங்களும் உண்டு. மொத தடவ அவங்க குரல் கேட்டப்ப நான் அழல, மரம் எத்தன போச்சுன்னு கணக்குத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து கொல்லைல உக்காந்துதான் அழுதேன், அதுவும் புள்ளைங்க பாக்காம. அந்த மாசத்துல சாயங்காலம் இருட்டிட்டா கொசு, பாம்பு பயம், ஓட்டை வழியா வானம், அத்தை முணுமுணுப்பு, இதுல நான் ஒருத்தி முழிச்சே கெடந்தேன். யாராச்சும் வந்து நாளைக்கு என்ன பண்ணனும்னு நீ யோசிக்க வேணாம், நான் பாத்துக்கறேன்னு சொன்னா போதும்னு இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ராத்திரி ரெண்டு குடும்பத்தையும் ஒரே வீட்ல படுக்க வச்சோம், அதுக்கப்புறம்தான் தூக்கம் வந்துச்சு.

கூரை விஷயம். ஓடு போன எடத்துல போட தார்ப்பாய் தேடுனா கிடைக்கல, கிடைச்சது நீலக் கலர்ல மெலிசு, ஒண்ணு 1,200 ரூபா. நாலஞ்சு நாளுலயே மறுபடி மழை பிடிச்சுச்சு, காத்துல அது கிழிஞ்சு தொங்குச்சு. அப்புறம் திருச்சிலேருந்து சொல்லி விட்டு 200 ஜிஎஸ்எம்னு சொல்ற கெட்டித் தார்ப்பாய் ரெண்டு, 5,600 ஆச்சு, அது ரெண்டு வருஷம் இருந்துச்சு. ஆணி அடிச்சா அந்த ஓட்டை வழியாவே கிழியும், கயித்துல கட்டி மணல் மூட்டைய ரெண்டு பக்கமும் தொங்க விடணும். ஓடு மாத்த ஆசாரி கூலி 800லேருந்து 1,300 ஆயிருச்சு, ஓட்டு விலையும் ஏறிருச்சு. அவசரப்பட்ட வீடெல்லாம் அந்த விலைக்கே போட்டாங்க. நான் தார்ப்பாயோட தை மாசம் வரைக்கும் தள்ளுனேன், அதுல ஒரு பதினஞ்சாயிரம் மிச்சம்.

நிவாரணம் வந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆகஸ்ட்ல கேரளா வெள்ளத்துக்கு நாங்க அரிசி மூட்டை கட்டி அனுப்புனோம், நவம்பர்ல எங்களுக்கு யார் யாரோ அனுப்புனாங்க. ஆனா வண்டி எல்லாம் மெயின் ரோட்டோட நின்னுரும், ரோட்டோர ஊருக்கு அஞ்சு வண்டி, உள்ள இருக்குற ஊருக்கு ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ப் பசங்க மெயின் ரோட்டுல ஒரு பலகைல உள்ள எத்தன வீடு, என்ன தேவைன்னு எழுதி வச்சு ஆளும் நின்னாங்க, அதுக்கப்புறம்தான் வண்டி உள்ள வந்துச்சு. அனுப்புறவங்களுக்கு ஒரு வேண்டுதல், பழைய துணி அனுப்பாதீங்க. மலையா குவிஞ்சு மழைல நனைஞ்சு நாறுச்சு, பாதி கிழிசல், பள்ளிக்கூட வராண்டாவுலேருந்து அத அகத்தவே ரெண்டு ஆள் கூலி ஆச்சு. தீப்பெட்டி, டார்ச்சு, பேட்டரி, கொசுவத்தி, நாப்கின், புது உள்ளாடை, கயிறு, நல்ல தார்ப்பாய், இதுதான் தேவை.

மரத்துக்கு வர்றேன். 140 மரத்துல நின்னது இருவத்தி சொச்சம். ரெண்டு மாசத்துக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு இருவதாயிரம் கிட்ட வந்துட்டு இருந்த தோப்பு. அரசாங்கம் மரத்துக்கு 600, அத வெட்டி அகத்த 500, மொத்தம் 1,100 அறிவிச்சாங்க. அகத்த மெஷின் ரம்பம் வச்சவங்க கேட்ட கூலிக்கு அந்த 500 பத்தல, மரம் வாங்க வந்த வியாபாரி அடிமாட்டு விலை. ஆனா கணக்கெடுப்பு முடியுற வரைக்கும் ஒரு மரத்தையும் நகத்தாதீங்க, அதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, எல்லைக்கல்லு, பக்கத்து வயல் தெரியுற மாதிரி, தேதியோட. அடிமரத்துல சுண்ணாம்புல நம்பர் போடுங்க. எண்ண வந்தவங்க இருட்டப் போவுதுன்னு குத்துமதிப்பா எண்பதுன்னு எழுதப் போனாங்க, நம்பரக் காட்டவும் மறுபடி நடந்து எண்ணி திருத்திக்கிட்டாங்க. எண்ணி முடிஞ்சதும் தள்ளிப் போடாம அகத்திருங்க, அழுகுற தென்னந்தண்டுலதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், அது நின்ன மரத்தையும் கன்னையும் வந்து குடைஞ்சிரும். எங்க பக்கத்துத் தோப்புல அப்படித்தான் தப்பிச்ச மரமும் போச்சு.

கரண்ட் வர்ற அன்னிக்கு எல்லாரும் சுவிட்ச போட்டு வச்சுக்கிட்டு காத்திருப்பாங்க, அது வேணாம். கம்பம் நட எங்க ஊர் ஆளுங்களே குழி வெட்டி, தூக்கிக் குடுத்து, வந்த லைன்மேன்களுக்கு சோறாக்கிப் போட்டோம், அவசரத்துல இழுத்த லைன், முதல்ல வோல்டேஜ் எகிறும். மோட்டார், ஃபிரிட்ஜ், டிவி எல்லா பிளக்கையும் உருவிட்டு, மழை எறங்குன செவுத்துல இருக்குற போர்டு காஞ்சிருக்கான்னு எலக்ட்ரீசியன விட்டுப் பாத்துட்டு, ஒரே ஒரு பல்ப மட்டும் போட்டு அரை மணி பாருங்க. எங்க தெருவுல மூணு வீட்டு டிவி அன்னிக்கே புகைஞ்சுச்சு.

கடைசியா பட்டா. எங்க தோப்பு மாமனார் பேர்ல இருந்துச்சு, அவங்க தவறி ஆறு வருஷம். புயலுக்கு மூணு மாசம் முன்னாடிதான் ஏதோ லோனுக்காக அத்தை பேருக்கு மாத்தினோம், அதனால மரத்துக்கு வந்த நிவாரணப் பணம் நேரா அத்தை அக்கவுண்டுல விழுந்துச்சு. எங்க சித்தி வீட்டுல தாத்தா பேர்லயே கூட்டுப் பட்டா, பங்காளிங்க நாலு பேரு, ஒருத்தர் மலேசியாவுல. வாரிசு சான்று, எல்லார் கையெழுத்து, நோட்டரின்னு அலைஞ்சு, அலைச்சலுக்கே 12,000 செலவு பண்ணி, வந்த பணத்த நாலாப் பிரிச்சதுல அவங்களுக்குக் கெடச்சது மரம் அகத்துன கூலிக்குக் கூட காணல. பட்டா, அடங்கல் (எந்த நெலத்துல என்ன பயிருங்கிற ஊர்க் கணக்கு), ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கு எல்லாத்தையும் ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு, போட்டோ எடுத்து நம்ம ஊர்ல இல்லாத ஒருத்தருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க, பட்டா யார் பேர்ல இருக்குன்னு இந்த ஆடிக்குள்ள ஒரு தடவ எடுத்துப் பாத்துருங்க.